கழற்றி மாட்டும் பேனல்கள்: க்யூடியில் டாக் விட்ஜெட் அமைக்கும் முறை

ஸ்கேன் செய்த புத்தகப் பக்கங்களைப் பார்த்து எழுத்துப் பிழை திருத்த ஒரு சிறு செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பக்கத்தின் படம். இடப்பக்கம் பக்கங்களின் பட்டியல். வலப்பக்கம் திருத்த வேண்டிய உரை. அடியில், செயலி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும் பதிவுப் பேனல். திருத்துபவரிடம் இரண்டு மானிட்டர் இருந்தால், உரைப் பேனலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இரண்டாவது மானிட்டரில் போட்டுவிட்டு, முதல் மானிட்டர் முழுவதையும் படத்துக்கே விட நினைப்பார். வேலை முடிந்ததும் பேனலைப் பழைய இடத்தில் மாட்டுவார். கிரிட்டா, ஃப்ரீகேட், க்யூஜிஐஎஸ் போன்ற செயலிகளில் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். அவை மூன்றிலும் அடியில் இருப்பது, சாளரச் செயலிகள் எழுத உதவும் க்யூடி நூலகத்தின் டாக் விட்ஜெட்தான். திரையில் தெரியும் ஒவ்வோர் உறுப்பையும் க்யூடி விட்ஜெட் என்கிறது; டாக் விட்ஜெட் என்பது கழற்றி மாட்டும் பேனல்.

பேனலைக் கழற்ற வைக்க நான்கைந்து வரிகள் போதும், மீதியை க்யூடி பார்த்துக்கொள்ளும். கழன்ற பேனல் தொலைந்துபோகாமல் காப்பதும், நாளை செயலியைத் திறக்கும்போது அது இன்று விட்ட இடத்திலேயே நிற்கச் செய்வதும்தான் நம் வேலை. புதிதாக எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். அதனால் கட்டுரையிலும் அதற்கே இடம் அதிகம்.

பைதானும், க்யூடியைப் பைதானில் பயன்படுத்த உதவும் பைசைட்6-உம் எடுத்துக்கொள்கிறோம். சி++ எழுதுபவர்களுக்கும் பெயர்கள் எல்லாம் இவையே. ஒரு குறிப்பு: நிரல் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதி, நடுவில் சிறு கோடு போட்டிருக்கிறோம். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டும்போது கோட்டை விட்டுவிடுங்கள். கோட்டுக்கு அடுத்த எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுங்கள். க்யூ என்று தொடங்கும் வகுப்புப் பெயர்களில் அந்த க்யூவும் பெரிய எழுத்து. செயல்களின் பெயர்கள் சிறிய எழுத்தில் தொடங்கும்.

நிறுவுவது

முதலில் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதற்குள் பிப் மூலம் பைசைட்6 நிறுவுங்கள். டெபியன் 12, அதற்குப் பின் வந்த உபுண்டு பதிப்புகளில் கணினியின் சொந்தப் பைதானுக்குள் பிப் எதையும் நிறுவ விடாது. தனிச் சூழல் இருந்தால் அந்தத் தகராறு இல்லை. லினக்ஸில் செயலி திறக்காமலே, எக்ஸ்சிபி பிளக்இன்னை (சாளரங்களைத் திரையில் காட்ட க்யூடி பயன்படுத்தும் துணைநிரல்) ஏற்ற முடியவில்லை என்று நின்றால், பெரும்பாலும் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 என்ற தொகுப்பு (இதில் உள்ள கோடு பெயரின் பகுதியே) இல்லாததுதான் காரணம். க்யூடி 6.5.0 முதல் அது கட்டாயம். ஆப்ட் மூலம் அதை நிறுவினால் சரியாகிவிடும்.

முதல் பேனல்

உங்கள் முதன்மைச் சாளரம் க்யூ-மெயின்-விண்டோவிலிருந்து வரவேண்டும். சாதாரண க்யூ-விட்ஜெட்டில் டாக் பகுதிகள் கிடையாது. க்யூ-மெயின்-விண்டோ தன்னைச் சுற்றி இடம், வலம், மேல், கீழ் என நான்கு டாக் பகுதிகள் வைத்திருக்கும். நடுவில் ஒரு மைய விட்ஜெட் இருந்தாக வேண்டும், அதை செட்-சென்ட்ரல்-விட்ஜெட் என்று கொடுக்கிறோம். மையம் இல்லாத சாளரத்தை க்யூடி ஆதரிப்பதில்லை. வைக்க எதுவும் இல்லையென்றால் வெற்று க்யூ-விட்ஜெட் ஒன்றையாவது வையுங்கள்.

உரைப் பேனலுக்கு இவ்வளவுதான் (எடிட்டர் என்பது உரையைத் தட்டும் விட்ஜெட், செல்ஃப் என்பது முதன்மைச் சாளரம்):

உரை = க்யூ-டாக்-விட்ஜெட்("திருத்தும் உரை", செல்ஃப்)
உரை.செட்-ஆப்ஜெக்ட்-நேம்("உரைப்_பேனல்")
உரை.செட்-விட்ஜெட்(எடிட்டர்)
செல்ஃப்.ஆட்-டாக்-விட்ஜெட்(க்யூடி.ரைட்-டாக்-விட்ஜெட்-ஏரியா, உரை)

ஓட்டிப் பாருங்கள். வலப்பக்கம் பேனல் வரும். தலைப்பைப் பிடித்து இழுத்தால் கழன்று மிதக்கும், தலைப்பில் இரட்டைக் கிளிக் செய்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இழுத்துக்கொண்டே ஓரத்துக்குப் போனால், எங்கே ஒட்டும் என்று இடம் விலகிக் காட்டும்.

இரண்டாவது வரியை யாரும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமலும் எல்லாம் ஓடும். சேமிக்கிற நேரம் வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பேனலுக்குள் இரண்டு மூன்று பொருட்கள் வைக்க வேண்டுமென்றால், டாக்கின்மேல் நேரடியாக செட்-லேஅவுட் போடாதீர்கள். தலைப்பையும் உள்ளடக்கத்தையும் அடுக்க டாக் தனக்கென ஒரு லேஅவுட்டை ஏற்கெனவே வைத்திருக்கிறது. நீங்கள் கொடுத்ததை அது ஏற்காது, "ஏற்கெனவே லேஅவுட் இருக்கிறது" என்று டெர்மினலில் எச்சரிக்கை மட்டும் வரும். வெற்று க்யூ-விட்ஜெட் ஒன்றை எடுத்து, அதற்கு லேஅவுட் போட்டு, பொருட்களை அடுக்கி, கடைசியில் அதை டாக்கின் செட்-விட்ஜெட்டிடம் கொடுங்கள். இந்த வரிசையும் முக்கியம். லேஅவுட் போடும் முன்பே கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எதை எங்கே அனுமதிப்பது

பதிவுப் பேனல் அகலமாக இருந்தால்தான் படிக்க முடியும். அதை இடப்பக்கம் ஒட்டவிட்டால் வரிகள் மடங்கி மடங்கி எதற்கும் உதவாது. செட்-அலௌட்-ஏரியாஸ் மூலம் அதை மேல், கீழ் பகுதிகளுக்கு மட்டும் கட்டுங்கள். உரைக்கும் பட்டியலுக்கும் இடம், வலம்.

செட்-ஃபீச்சர்ஸ் முக்கியமாக மூன்று குணங்களைத் தருகிறது: மூடலாம், நகர்த்தலாம், மிதக்கலாம். இது இருப்பதோடு சேர்க்காது, இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். "நகர்த்தலாம்" மட்டும் கொடுத்தால் மூடும் பட்டனும் மிதக்கும் பட்டனும் காணாமல் போகும். வேண்டியவை அத்தனையையும் ஒரே அழைப்பில் நேர்கோட்டுக் குறியால் (|) இணைத்துக் கொடுங்கள்.

மூலைகளைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. இயல்பாகக் கீழ்மூலைகள் இரண்டும் கீழ்ப்பகுதிக்கே சொந்தம். அதனால் பதிவுப் பேனல் சாளரத்தின் முழு அகலத்துக்கும் படுத்துக்கொள்ள, உரைப் பேனல் அதன் தலைக்குமேல் குறுகி நிற்கும். நம் செயலியில் உரைதான் பெரிய ஆள். செட்-கார்னர் அழைத்து, வலக் கீழ்மூலையை வலப்பகுதிக்குக் கொடுத்துவிடுங்கள். உரை மேலிருந்து கீழ்வரை இறங்கும், பதிவுப் பேனல் மிச்ச அகலத்தில் ஒதுங்கும்.

ஒரு பகுதிக்குள் பேனல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்து அடுக்க பயனரை அனுமதிக்க வேண்டுமா? செட்-டாக்-நெஸ்டிங்-எனேபிள்ட் உண்மை (ட்ரூ) என்று கொடுங்கள். இயல்பில் அது அணைந்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகத் தாவல்களாக வைக்க டேபிஃபை-டாக்-விட்ஜெட். தாவல்கள் அடியில் வரும். மேலே வேண்டுமென்றால் செட்-டேப்-பொசிஷன். எந்தத் தாவல் முன்னால் நிற்க வேண்டுமோ அந்த டாக்கின் ரெய்ஸ் செயலை அழையுங்கள். "ரெய்ஸ்" பைதானின் சொந்தச் சொல் என்பதால் பைசைடில் அதன் வாலில் ஓர் அடிக்கோடு சேர்த்து எழுத வேண்டும்.

அளவு

பேனல் எவ்வளவு அகலத்தில் திறக்கும் என்பதை உள்ளே இருக்கும் விட்ஜெட்டின் சைஸ்-ஹின்ட், அதாவது தனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று அது சொல்லும் அளவு, தீர்மானிக்கிறது. அதை மாற்ற ரீசைஸ்-டாக்ஸ் இருக்கிறது. டாக்குகளின் பட்டியல், அவற்றின் பிக்சல் அளவுகள், திசை என மூன்றைக் கேட்கும். பட்டியலுக்கு 220, உரைக்கு 480, திசை கிடைமட்டம் என்று கொடுத்துப் பாருங்கள். சாளரம் இதற்காகப் பெரிதாகாது, இருக்கும் இடத்தை இந்த விகிதத்தில் பங்கிடும். சாளரம் திரையில் தோன்றும் முன்பு அழைத்தால் பல நேரம் பலிக்காது, ஏனென்றால் அப்போது பங்கிட அளவே முடிவாகியிருக்காது. ஷோ அழைத்தபின், க்யூ-டைமரின் சிங்கிள்-ஷாட்டை 0 மில்லிநொடியோடு வைத்து அதற்குள் அழையுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல், சாளரம் சுருங்க மறுப்பது. ஒவ்வொரு பேனலின் குறைந்தபட்ச அளவும் சேர்ந்து முதன்மைச் சாளரத்தின் குறைந்தபட்ச அளவாகிறது. பெரிய மானிட்டரில் எழுதிச் சோதித்த செயலி 1366×768 மடிக்கணினியில் திரைக்கு வெளியே நீண்டு, அடிப்பகுதி பட்டன்கள் தெரியாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். நிறையப் பட்டன்களும் பெட்டிகளும் கொண்ட பேனல் உள்ளடக்கத்தை க்யூ-ஸ்க்ரோல்-ஏரியாவுக்குள் வைத்து, அதன் செட்-விட்ஜெட்-ரீசைஸபிள் உண்மை என்று கொடுங்கள்.

மூடிய பேனலைத் திரும்ப எடுக்க

பயனர் பேனலின் மூடும் பட்டனை அழுத்தினால் பேனல் அழிவதில்லை, மறைகிறது, அவ்வளவுதான். ஆனால் திரும்பக் கொண்டுவர வழி வைக்காவிட்டால், அவரைப் பொறுத்தவரை அது அழிந்ததற்குச் சமம். ஒவ்வொரு டாக்கும் டாகிள்-வியூ-ஆக்ஷன் என்று ஒரு ஆக்ஷனை (மெனுவில் வைக்கக்கூடிய கட்டளை) தயாராக வைத்திருக்கிறது. அதை எடுத்து "பார்வை" மெனுவில் சேருங்கள். பேனலின் தலைப்பே மெனுவிலும் வரும், டிக் குறியும் தானாக மாறும். அந்த ஆக்ஷனுக்கே எஃப்7, எஃப்8 என்று குறுக்குவிசையும் கொடுக்கலாம்.

சிலர் தாங்களே ஒரு டிக் ஆக்ஷன் செய்து, டாக்கின் விசிபிலிட்டி-சேஞ்ச்ட் சிக்னலோடு (ஏதோ மாறியது என்று க்யூடி அனுப்பும் அறிவிப்பு) கட்டுவார்கள். செய்யாதீர்கள். பேனல் இன்னொரு தாவலுக்குப் பின்னால் போனாலும் அந்த சிக்னல் "தெரியவில்லை" என்றே சொல்லும். தாவல் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் உங்கள் டிக் போய் வந்துகொண்டிருக்கும்.

டாகிள்-வியூ-ஆக்ஷனிலும் ஒரு குறை உண்டு. பின்னால் நிற்கும் தாவலைப் பார்க்க நினைத்து மெனுவில் அதன் பெயரை அழுத்தினால், டிக் ஏற்கெனவே இருப்பதால் பேனல் மூடிக்கொள்ளும். அடிக்கடி தேவைப்படும் பேனலுக்கு, ஷோ, ரெய்ஸ் இரண்டையும் அடுத்தடுத்து அழைக்கும் தனி ஆக்ஷன் ஒன்று வைத்தால் பயனர் வாழ்த்துவார்.

அமைப்பைச் சேமித்து மீட்பது

முதன்மைச் சாளரத்தின் க்ளோஸ்-ஈவென்ட்டில், அதாவது சாளரம் மூடும்போது ஓடும் செயலில், இரண்டைச் சேமிக்க வேண்டும். சேவ்-ஜியாமெட்ரி சாளரத்தின் இடத்தையும் அளவையும் தரும். சேவ்-ஸ்டேட் டாக்குகளும் டூல்பார்களும் எங்கே, எப்படி நிற்கின்றன என்பதைத் தரும். இரண்டையும், அமைப்புகளைச் சேமித்து வைக்கும் க்யூ-செட்டிங்ஸில் போடுங்கள். நிறுவனப் பெயரும் செயலிப் பெயரும் க்யூ-அப்ளிகேஷனில் முன்பே கொடுத்திருக்க வேண்டும். பிறகு தாய் வகுப்பின் க்ளோஸ்-ஈவென்ட்டை அழைக்கவும்.

மீட்கும்போது வரிசை இது: எல்லா டாக்குகளையும் உருவாக்கி, பெயர் சூட்டி, சாளரத்தில் சேர்த்து முடித்தபின், முதலில் ரெஸ்டோர்-ஜியாமெட்ரி, அடுத்து ரெஸ்டோர்-ஸ்டேட். மாற்றினால் ஒரு அளவுக்குப் பங்கிட்ட பேனல்கள் வேறு அளவுச் சாளரத்துக்குள் நெருக்கப்படும். முழுத்திரைக்கு விரித்து மூடிய சாளரத்தில் இந்த வரிசையிலும் சில நேரம் அகலங்கள் பிசகும். அப்போது ரெஸ்டோர்-ஸ்டேட்டை மட்டும் ஷோவுக்குப் பின், முன்னே சொன்ன 0 மில்லிநொடி டைமருக்குள் தள்ளுங்கள். முதல் முறை ஓடும்போது சேமித்தது எதுவும் இருக்காது. மதிப்பு வெறுமை என்றால் மீட்கவே போகக்கூடாது, இல்லாவிட்டால் பிழை வரலாம்.

இப்போது அந்த ஆப்ஜெக்ட்-நேம். சேவ்-ஸ்டேட் ஒவ்வொரு டாக்கையும் அந்தப் பெயரால்தான் அடையாளம் வைக்கிறது. பெயர் இல்லையென்றால் டெர்மினலில் ஓர் எச்சரிக்கை வரும், அந்தப் பேனலின் இடமும் மீளாது. இரண்டு டாக்குக்கு ஒரே பெயர் வைத்தாலும் கதை கெடும். தலைப்பையே பெயராக வைக்கும் பழக்கம் இன்னும் ஆபத்தானது. செயலியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறீர்கள் என்றால், பயனர் மொழி மாற்றிய அன்றே தலைப்பு மாறும், பெயரும் மாறும், சேமித்த அமைப்பு யாருடையது என்று தெரியாமல் போகும். பெயர் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். எந்தப் பதிப்பிலும் அதை மாற்றாதீர்கள்.

சேவ்-ஸ்டேட், ரெஸ்டோர்-ஸ்டேட் இரண்டும் ஒரு பதிப்பு எண்ணை ஏற்கும், கொடுக்காவிட்டால் 0. அடுத்த வெளியீட்டில் பேனல்களின் இயல்பு அடுக்கையே மாற்றினால் எண்ணை ஒன்று கூட்டுங்கள். எண் பொருந்தாவிட்டால் ரெஸ்டோர்-ஸ்டேட் எதையும் தொடாமல் "பொய்" (ஃபால்ஸ்) என்று திருப்பும்.

இங்கே ஒரு செயலைத் தனியாக எழுதி வைப்பது நல்லது. பெயர் "இயல்பு_அமைப்பு" என்று வைத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு டாக்குக்கும் செட்-ஃப்ளோட்டிங் பொய் என்று கொடுத்து, ஆட்-டாக்-விட்ஜெட்டால் உரிய பகுதியில் மறுபடி சேர்த்து, ஷோ அழைத்து, கடைசியில் ரீசைஸ்-டாக்ஸ் போடும். முதல் ஓட்டத்துக்கு இதே செயல். ரெஸ்டோர்-ஸ்டேட் பொய் என்று சொன்னாலும் இதே செயல். பார்வை மெனுவின் அடியில் "பேனல்களை இயல்பு நிலைக்கு மாற்று" என்ற உருப்படிக்கும் இதே செயல். பேனல்களைத் தாறுமாறாக இழுத்துவிட்டு விழிக்கும் பயனருக்கு அந்த ஒரு மெனு உருப்படிதான் துணை. அது இல்லாமல் செயலியை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

மிதக்கும் பேனலின் தொல்லைகள்

மடிக்கணினியோடு இரண்டாவது மானிட்டரை இணைத்து, உரைப் பேனலை அங்கே மிதக்கவிட்டவர் வேலை நடுவில் கேபிளைக் கழற்றுகிறார். பெரும்பாலும் இயங்குதளமே சாளரங்களை இருக்கும் திரைக்குக் கொண்டுவந்துவிடும். எப்போதும் வரும் என்று நம்ப வேண்டாம். க்யூ-கய்-அப்ளிகேஷனின் ஸ்க்ரீன்-ரிமூவ்ட் சிக்னலைக் கேளுங்கள். அது வந்து அரை நொடி கழித்து, மிதக்கும் ஒவ்வொரு டாக்கின் தலைப்புப் பகுதியிலும் ஒரு புள்ளி எடுத்து, ஸ்க்ரீன்-அட் செயலிடம் அது எந்தத் திரை என்று விசாரியுங்கள். திரை எதுவும் இல்லை என்று பதில் வந்தால் செட்-ஃப்ளோட்டிங் பொய். பேனல் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். நடுப்புள்ளியை எடுக்காமல் தலைப்பை எடுப்பதற்குக் காரணம் உண்டு: உடல் தெரிந்து தலைப்பு தெரியாத பேனலைப் பிடித்து இழுக்க முடியாது.

மிதக்கும் டாக், இயல்பில் டூல் வகைச் சாளரம். முதன்மைச் சாளரத்துக்கு மேலேயே நிற்கும், பெரிதாக்கும் பட்டன் இருக்காது. மேக்கில் வேறு செயலிக்குப் போனவுடன் மறைந்தும் போகும். இரண்டாவது மானிட்டரில் உரையை முழுத்திரையாக விரிக்க விரும்புகிறவருக்கு இது போதாது. டாப்-லெவல்-சேஞ்ச்ட் சிக்னல் "உண்மை" என்று வரும்போது செட்-விண்டோ-ஃப்ளாக்ஸ் மூலம் அதைச் சாதாரணச் சாளரமாக்கி, பெரிதாக்கும் பட்டனும் மூடும் பட்டனும் சேர்க்கலாம். இந்தக் கொடியை (ஃப்ளாக்) மாற்றியதும் சாளரம் மறைந்துவிடும், உடனே ஷோ அழைக்க வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு விலை உண்டு. முதலாவது, லினக்ஸில் தலைப்புப் பட்டை இப்போது சாளர மேலாளருடையது. அதைப் பிடித்து இழுப்பது க்யூடிக்குத் தெரியாது, இழுத்து ஒட்டவைக்க முடியாமல் போகும். அதனால் பேனலுக்குள்ளேயே "மாட்டு" என்று ஒரு சிறு பட்டன் வைத்து, அதில் செட்-ஃப்ளோட்டிங் பொய் என்று கட்டுங்கள். இரண்டாவது, குறுக்குவிசைகள். டூல் சாளரம் முன்னால் இருக்கும்போது முதன்மைச் சாளரத்தின் குறுக்குவிசைகளை க்யூடி தேடிப் பிடித்து ஓட்டும். சாதாரணச் சாளரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உரைப் பேனலில் தட்டிக்கொண்டிருப்பவர் சேமிக்க கன்ட்ரோல்-எஸ் அழுத்துவார், ஒன்றும் நடக்காது, சேமித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். முக்கியமான ஆக்ஷன்களுக்கு செட்-ஷார்ட்கட்-கான்டெக்ஸ்ட்டில் அப்ளிகேஷன்-ஷார்ட்கட் என்று கொடுத்துவிடுங்கள்.

படத்தை க்யூ-ஓபன்ஜிஎல்-விட்ஜெட்டில் (கிராபிக்ஸ் அட்டை மூலம் வரையும் விட்ஜெட்) வரைந்து, அதை டாக்குக்குள் வைத்திருந்தால், கழற்றியவுடன் படம் கறுப்பாகலாம். கழற்றும்போது விட்ஜெட் வேறு சாளரத்துக்குக் குடிபெயர்கிறது, பழைய ஓபன்ஜிஎல் கான்டெக்ஸ்ட் (வரைவதற்கான சூழல்) அழிந்து புதியது பிறக்கிறது, நீங்கள் ஏற்றிய டெக்ஸ்சர்கள், அதாவது படத் தரவுகள், பழையதோடு போய்விடுகின்றன. க்யூ-அப்ளிகேஷனை உருவாக்கும் முன், ஏஏ_ஷேர்-ஓபன்ஜிஎல்-கான்டெக்ஸ்ட்ஸ் என்ற ஆட்ரிபியூட்டை இயக்கிவிட்டால் கான்டெக்ஸ்ட் மாறாது.

லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் முறைகளில் ஒன்றான வேலேண்டில், எந்தச் செயலியும் தன் சாளரத்தைத் திரையில் இந்த இடத்தில்தான் வைப்பேன் என்று சொல்ல முடியாது. மிதக்கும் பேனல் சேமித்த இடத்துக்கு வராததை நிரலில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த இடம் அவசியம் என்றால் செயலியை எக்ஸ்சிபி பிளக்இன்னில் ஓட்டிப் பாருங்கள்.

தலைப்புப் பட்டையை உங்கள் வடிவத்தில் செய்ய செட்-டைட்டில்-பார்-விட்ஜெட் இருக்கிறது. நீங்கள் கையாளாத மவுஸ் நிகழ்வுகளை இக்னோர் செய்து டாக்குக்கு விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் இழுப்பது நின்றுபோகும். சைஸ்-ஹின்ட்டும் சரியாகத் திருப்ப வேண்டும்.

மிதக்கும் சாளரங்களுக்குள்ளேயே பேனல்களைப் பிரித்து அடுக்குவது, ஓரத்தில் ஒளிந்து தொட்டால் எட்டிப்பார்க்கும் பேனல் போன்றவை வேண்டுமென்றால் டாக் விட்ஜெட்டை வளைக்க முயலாதீர்கள். க்யூடி அட்வான்ஸ்ட் டாக்கிங் சிஸ்டம், கேடிடாக்விட்ஜெட்ஸ் என்ற இரண்டு நூலகங்கள் அதற்கென்றே இருக்கின்றன. முன்னதைப் பைசைடிலும் பயன்படுத்தலாம். கேடிடாக்விட்ஜெட்ஸை மூடிய மூலச் செயலியில் சேர்க்க வணிக உரிமம் வாங்க வேண்டும், எடுக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது சேமித்த பழைய அமைப்பே திரும்பத் திரும்ப வந்து, நீங்கள் நிரலில் மாற்றியது தெரியாமல் குழப்பும். சேமித்தது விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியிலும், லினக்ஸில் வீட்டுக் கோப்புறையின் கான்ஃபிக் அடைவிலும், மேக்கில் பிரிஃபரன்சஸ் அடைவிலும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அங்கே போய் அழிப்பதைவிட, கட்டளை வரியில் "புதிது" என்று ஒரு சொல் கொடுத்தால் க்யூ-செட்டிங்ஸின் க்ளியர் செயலை அழைத்துவிட்டுத் திறக்கும்படி இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உரையைக் கழற்றி இரண்டாவது மானிட்டரில் போட்டு, செயலியை மூடி, கேபிளைப் பிடுங்கி, மறுபடி திறந்து பாருங்கள். பேனல் கண்ணில் படும் இடத்தில் நின்றால் வெளியிடலாம்.